பிள்ளை சொன்னால் நம்புங்கள்



இந்த முறை பேசப்போகும் விடயம் கூச்சமானது. பெரட்டுக்களத்தில் யாரும் இதைப் பேசமாட்டோம். ஆனால் பேசாமல் விட்டதால் வந்த வினையை நான் கண்ணால் கண்டவன்.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு தாய் என்னிடம் வந்தார். "ஐயா, மகளுக்கு ஒம்பது வயசு. பக்கத்துக் காம்பராவுக்குப் போகச் சொன்னா அழுவுறா. முந்தி டீவி பார்க்க அங்கதான் கெடப்பா" என்றார். "சின்னப்பிள்ளைங்க அப்படித்தாம்மா, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. அந்த வீட்டு ஆள் பிள்ளையிடம் தகாத முறையில் நடந்திருக்கிறான்.

லயத்துப் பெரியவர்கள் கூடினார்கள். "பொம்பளப் பிள்ளை, மானம் போயிரும்" என்றார்கள். கொஞ்சம் பணம் கைமாறியது. பொலிசுக்கு யாரும் போகவில்லை. அவன் சொந்தக்காரர் இருக்கும் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். தொல்லை விட்டது என்று நாங்களும் இருந்தோம். இரண்டு வருடத்தில் அங்கேயும் ஒரு பிள்ளைக்கு அதே கதி. அந்த லயத்தில் அவனைப் பற்றி யாருக்கும் தெரியாது. தெரிந்த நாங்கள் வாய் திறக்கவில்லை.

பட்டியல் மட்டும் போதுமா?

அமெரிக்காவில் இப்படிப்பட்ட குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களின் பெயர்களைப் பதிந்து வைக்கிறார்கள். அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை ஊர் மக்கள் அறியவும் 1996ஆம் ஆண்டு சட்டம் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். வழக்கு நடந்து தண்டனை பெற்றவன் பெயர்தான் அதில் ஏறும். லயத்துக்குள் பேசி முடித்தவன் பெயர் எந்த ஊர்ப் பட்டியலிலும் ஏறாது.

இன்னொன்று. பிள்ளைக்குக் கெடுதல் செய்பவன் பெரும்பாலும் முன்பின் தெரியாதவன் அல்ல. உறவுக்காரன், பக்கத்து வீட்டான், பிள்ளை நம்பிப் பழகும் ஆள். ஆண் பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

கவனிக்க வேண்டியவை

ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு பயப்படுவது, காரணமில்லாமல் பாடசாலைக்குப் போக மறுப்பது, விட்டுப்போன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வருவது, கையில் புதிதாகக் காசு, இனிப்பு இருப்பது. இதற்கெல்லாம் வேறு காரணமும் இருக்கலாம். அதனால் அதட்டாமல், பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

மலைக்குப் போகும்போது பிள்ளையை யாரிடம் விட்டுப் போகிறோம் என்று யோசியுங்கள். "உன் உடம்பை யாரும் தொட்டு, அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னா, உடனே வந்து சொல்லு. நான் ஏசமாட்டேன்" என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

நடந்துவிட்டால்

1. பிள்ளையை நம்புங்கள். "நீ ஏன் அங்க போன?" என்று கேட்காதீர்கள். தவறு பிள்ளையுடையது அல்ல.

2. 1929 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாடு செய்யுங்கள்.

3. உடனே நடந்தது என்றால், குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

4. அந்த ஆளை அடிக்கவும் வேண்டாம், அவனோடு பணம் பேசவும் வேண்டாம். பிள்ளையின் பெயரைப் பீலிக்கரையில் பேசாதீர்கள்.

"அவளும் சம்மதிச்சாளே" என்று சிலர் சொல்வார்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சம்மதம் செல்லாது. கெடுத்தவனுக்கே கட்டிவைப்பது பரிகாரம் அல்ல. அது பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

குடும்பமாகப் பேசுங்கள்

நம் பிள்ளை பயமில்லாமல் வந்து சொல்லக்கூடிய பெரியவர் நம் லயத்தில் யார்? அந்த ஆள் நீங்களாக இருக்க என்ன செய்யவேண்டும்?

அன்று அந்தத் தாயிடம் "பிள்ளை ஏன் அழுவுது?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.