அலமாரியில் பொம்மைக்கும் இடம் உண்டு

புத்தக அலமாரியை அலங்கரிக்க எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். எந்தப் பொருளையும் நகர்த்தாமல் எந்தப் புத்தகத்தையும் கையில் எடுக்க முடிய வேண்டும். இதற்கு உட்பட்டால் யானை பொம்மையைக்கூட வைக்கலாம். உட்படாவிட்டால் சுவாமிமலை வெண்கலச் சிலையானாலும் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

இந்தச் சட்டத்தை மீற வைப்பது நம்முடைய ஆசை மட்டுமல்ல, அலமாரியின் ஆழமும்தான். நம் ஊர் ஆசாரிகள் அலமாரி என்றாலே ஒரு அடி ஆழம் என்று கணக்குப் போடுவார்கள். எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையை மீதமில்லாமல் அறுக்க அதுதான் தோது. ஆனால் தமிழ் நாவல், கட்டுரைத் தொகுப்புகளில் பெரும்பாலானவை டெமி அளவு. அகலம் ஐந்தரை அங்குலம், உயரம் எட்டரை அங்குலம். அதைச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் முன்னால் ஆறு அங்குலத்துக்கு ஒரு திண்ணை உருவாகிவிடும். திண்ணை காலியாக இருந்தால் யாராவது வந்து உட்காரத்தானே செய்வார்கள்? முதலில் ஒரு பிள்ளையார், பிறகு கல்யாண வீட்டு ரிட்டர்ன் கிஃப்ட், பையன் வாங்கிய கோப்பை, மூக்குக் கண்ணாடி, கரண்ட் பில். மூன்றாவது மாதத்தில் பின்னால் என்ன புத்தகம் இருக்கிறது என்பதே மறந்துவிடும்.

இதற்கு வழி மிகச் சுலபம். புத்தகங்களைப் பலகையின் முன்விளிம்புக்கு ஒரு அங்குலம் உள்ளே வரை இழுத்து நிறுத்துங்கள். திண்ணை மறைந்துவிடும். பின்னால் விழும் இடைவெளியில் காற்று ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் காணும் சென்னை வீடுகளில் இது புத்தகத்துக்கும் நல்லது. புதிதாக அலமாரி செய்பவர்கள் மேல்தட்டுகளுக்குப் பத்து அங்குல ஆழம் போதும் என்று ஆசாரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். "எதுக்கும் ஒரு அடி இருக்கட்டும்மா" என்பார். இறங்கி வராதீர்கள். அகராதிகளுக்கும் பெரிய ஓவியப் புத்தகங்களுக்கும் கீழ்த்தட்டு மட்டும் ஆழமாக இருந்தால் போதும்.

அப்படியானால் பொம்மைகள் எங்கே போகும்? வரிசை முடிகிற இடத்துக்கும், படுக்கை வசமாக அடுக்கிய நாலைந்து புத்தகங்களின் தலைமேலும் போகும். (படுக்கை அடுக்குக்கு மட்டும் எங்கள் சட்டத்தில் விலக்கு.) வரிசை முடிகிற இடத்தில் நிற்கிற பொருள் சாய்ந்து விழும் புத்தகங்களைத் தாங்கவும் வேண்டும். அலமாரியில் ஏறுகிற பொருள் ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது அம்மா வீட்டுப் பரணிலிருந்து வந்த பித்தளைப் படி. வாய்விளிம்பில் இரண்டு வரிக்கோடு, பக்கத்தில் சிறு நசுங்கல், அடியில் யாருடையதோ தெரியாத இரண்டு எழுத்து. உள்ளே மணலை நிரப்பி வாயைத் துணியால் கட்டிவிட்டேன். இரண்டு கிலோவுக்கு மேல் கனம் வந்துவிட்டது. தடித்த நாவல்களின் வரிசை அதில் சாய்ந்துகொண்டு அசையாமல் நிற்கிறது. படியோடு உரி, உழக்கு, ஆழாக்கு என்று முழு செட்டும் கிடைத்தால் விடாதீர்கள். ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி கொள்ளும் என்பதால், பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே உயரம் தானாகப் படிப்படியாக இறங்கும். அலங்காரப் பொருள்களை ஒரே உயரத்தில் வைக்கக் கூடாது என்று வீட்டு அலங்காரக்காரர்கள் சொல்வது இதைத்தான். உழக்கில் பேனாக்கள், ஆழாக்கில் பக்க அடையாள அட்டைகள். ஒரே ஒரு எச்சரிக்கை: பித்தளை புத்தக அட்டையில் நேராகப் படக் கூடாது. மழைக்காலத்தில் களிம்பு ஏறிப் பச்சைக் கறை பிடிக்கும். நடுவே ஒரு துண்டு அட்டையோ துணியோ செருகுங்கள். புளி போட்டுத் தேய்த்தால் வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே திரும்ப ஏற்றுங்கள்.

தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். அது எதையும் தாங்காது. லேசாகத் தட்டினாலே ஆடுகிற பொம்மை மேல் புத்தகம் சாய முடியுமா? அதைப் படுக்கை அடுக்கின் மேல் வைக்கலாம், ஆனால் மின்விசிறிக்கு நேரே வேண்டாம். காகிதக்கூழில் செய்து இடுப்பு, கழுத்து என்று தனித்தனியாகக் கம்பியில் நிற்கும் நடனப் பொம்மை, விசிறி மூன்றுக்குப் போனதும் விடாமல் தலையாட்ட ஆரம்பிக்கும். படிக்க உட்கார்ந்தவரின் கண் புத்தகப் பக்கத்தில் நிற்காது.

மரப்பாச்சி ஜோடிக்கு அந்தத் தொல்லை இல்லை. அடி தட்டை, உடம்பு ஒடுக்கம், நிறம் அடக்கம். கொலு முடிந்ததும் எல்லாப் பொம்மைகளும் பெட்டிக்குள் போக, எங்கள் வீட்டில் இவர்கள் மட்டும் அலமாரிக்கு வந்துவிடுவார்கள். பெரியவர்கள் ஆட்சேபித்தால் சண்டை போடாமல் பெட்டியில் வைத்துவிடுங்கள். சாமி சிலைகளிலும் அப்படித்தான். கால் உயரத்தில் இருக்கும் தட்டில் நடராஜரை வைத்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேச்சு வாங்க வேண்டாம்.

நிறம் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. நம் புத்தக முதுகுகள் ஏற்கெனவே திருவிழா. பளபள லேமினேஷன், சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் உண்டு. போதாக்குறைக்கு முதுகில் தலைப்பு சில பதிப்பகங்களுக்கு மேலிருந்து கீழே ஓடும், சிலவற்றுக்குக் கீழிருந்து மேலே. கழுத்தை இரண்டு பக்கமும் ஒடிக்க வேண்டும். இவ்வளவு கூச்சலுக்கு நடுவே சுடுமண், பித்தளை, மரம், பனையோலை என்று மங்கிய நிறங்களே எடுபடும். புத்தகங்களையே நிறவாரியாக அடுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் அந்தப் புத்தகத்தைத் திரும்பத் தேட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பனையோலை என்றதும் செட்டிநாட்டுக் கொட்டான் கூடை. சின்னக் கொட்டான் ஒன்றில் இரண்டு மூன்று வசம்பை மெல்லிய துணியில் முடிந்து போட்டு மூலையில் வைத்திருக்கிறேன். ஏடுகளைப் பூச்சி அரிக்காமல் காக்க நம்மவர்கள் பயன்படுத்திய பொருள் அது. அந்துருண்டை நெடி பிடிக்காதவர்களுக்கு ஏற்றது. ஆனால் வசம்பை நம்பித் தூசி தட்டாமல் விட்டால் ராமபாணப் பூச்சி சிரிக்கும்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாட்டில் தண்ணீரில் மணி பிளான்ட் கூடவே கூடாது. கை பட்டுச் சாய்ந்தால் ஒரு வரிசைப் புத்தகமே நனையும். தண்ணீர் மாற்ற மறந்தால் டெங்கு கொசு முட்டையிடும். பிளாஸ்டிக் பூ, தூசிக்கு வீடு. மெழுகுவர்த்தியைக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைக்க எப்படி மனசு வருகிறதோ! மாமல்லபுரத்துக் கல் சிற்பம் அழகுதான், ஆனால் மூன்றடி நீளப் பலகையின் நட்டநடுவில் அதை ஏற்றினால் பலகை தொய்யும். பக்கச் சட்டத்தை ஒட்டியோ அடித்தட்டிலோ வையுங்கள். மேற்கு ஜன்னல் வெயில் விழும் அலமாரிக்குப் பொம்மையைவிடத் திரைச்சீலை முக்கியம். சிவப்பு அட்டைகள்தான் முதலில் வெளுக்கும்.

எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து, மாற்றி அடுக்க சரஸ்வதி பூஜையைவிட நல்ல நாள் கிடையாது. எப்படியும் புத்தகங்கள் பூஜைக்குக் கீழே வரும். திரும்ப ஏற்றும்போது ஒவ்வொரு தட்டிலும் கால்பங்கு இடத்தைப் பொம்மைக்கும் வெறுமைக்குமாக விட்டுவிடுங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வரும், பை நிறையும், அப்போது இடம்விட வேண்டியது பொம்மைதான். எந்தப் பொம்மை என்பதைக் காட்சிக்குக் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.