முன்பணக் கூப்பன்: எவ்வளவு தள்ளலாம்?

பழவேற்காடு ஏரியில் பாடு முறைப்படி வலை போடும் வீட்டில், முறை வரும் நாளில்தான் காசு புழங்கும். முகத்துவாரம் மணலில் தூர்ந்தால் அதுவும் குறையும். மளிகைக் கடையில் கடன் ஏறும். காசு உள்ளபோதே ரூ.1,000 கூப்பனை ரூ.950-க்கு விற்றால் என்ன?

வாங்குபவருக்கு ரூ.50 மிச்சம். நமக்கு? சரக்கின் அடக்கவிலை ரூ.900 என்றால், லாபத்தில் பாதி போயிற்று. முன்பணத்தால் மொத்தக் கடையில் 2 சதவீத ரொக்கக் கழிவு கிடைத்தாலும் 18 ரூபாய்தான் திரும்பும். ஆகவே ரூ.980 விலையே தாங்கும். வராக்கடனால் நொந்தவர் இன்னும் பத்து ரூபாய் விடலாம்.

சொந்தக் கடையில் மட்டும் செல்லும், ரொக்கமாக மாற்றித் தராத கூப்பனுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டாம். பக்கத்துக் கடையையும் சேர்த்துவிடாதீர்கள். அதற்குச் சட்டம் வேறு. மீதித் தொகையைக் கூப்பனின் பின்புறமே குறித்துக் கையெழுத்திடுங்கள்.