எலும்புக்குள் ஒரு பூட்டு

திண்டுக்கல் என்றதும் வெளியூரார்க்குப் பூட்டுதான் நினைவுக்கு வரும். நம் எலும்புக்குள்ளும் ஒரு பூட்டு உண்டு என்பதை அறிவீர்களா?

லிம்ஃபோமா என்பது நிணநீர் மண்டலத்தில் தோன்றும் புற்றுநோய். கழுத்திலோ அக்குளிலோ வலியற்ற கட்டியாகத் தொடங்கலாம். மருந்துகளால் பலர் குணமடைகின்றனர். சிலருக்கு நோய் மீண்டும் வருகிறது. அவர்களுக்கு மிகக் கடுமையான மருந்து தேவைப்படலாம். அம்மருந்து நோயை அழிக்கும்போது, இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையையும் அழித்துவிடும்.

இதற்கு வழி என்ன? பஞ்சத்திலும் உழவர் விதைநெல்லைத் தொடாமல் காப்பர் அல்லவா? அதுபோல நோயாளியின் ஸ்டெம் செல்களை, அதாவது இரத்தத்தின் விதை போன்ற அணுக்களை, மருத்துவர்கள் முன்னரே எடுத்து உறையவைக்கின்றனர். கடும் மருந்து கொடுத்தபின் அவற்றை இரத்தக்குழாய் வழியே திருப்பிச் செலுத்துகின்றனர். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் புதிய இரத்த அணுக்கள் தோன்றுகின்றன. நம் மாநிலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1986ஆம் ஆண்டில் தொடங்கியது.

விதை போதிய அளவு வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 இலட்சம் அணுக்கள் தேவை. 50 இலட்சம் கிடைத்தால் மிக நன்று. ஆனால் இவை மஜ்ஜையிலேயே தங்கியிருப்பவை. ஜி.சி.எஸ்.எஃப். என்னும் ஊசியைச் சில நாட்கள் போட்டால் பெருகி இரத்தத்திற்கு வரும். பிறகு ஓர் இயந்திரம் சில மணி நேரம் இரத்தத்தைச் சுற்றவிட்டு, இவ்வணுக்களை மட்டும் பிரித்தெடுக்கும்.

பலமுறை மருந்தும் கதிர்வீச்சும் பெற்றுக் களைத்த மஜ்ஜை போதிய அணுக்களைத் தருவதில்லை. அணுக்கள் கிடைக்காவிடில் இச்சிகிச்சையே நடவாது! ஆகவே மஜ்ஜை களைக்குமுன் சேகரிப்பதே முதல் வழி.

மற்றொரு வழி பிளெரிக்ஸாஃபோர் என்னும் மருந்து. ஸ்டெம் செல்லின் மேலுள்ள கொக்கியும் மஜ்ஜையிலுள்ள ஒரு புரதமும் பூட்டியதுபோல் இணைந்திருக்கும். இம்மருந்து அப்பிணைப்பை விடுவிக்கும் சாவி. எய்ட்ஸ் நோய்க்காக ஆராயப்பட்ட இது, 2008இல் அமெரிக்காவில் இப்பணிக்கு அனுமதி பெற்றது. விலை மிகுதி. ஆதலால் இரத்தத்திலுள்ள ஸ்டெம் செல்களை எண்ணிப் பார்த்து, குறைவாக உள்ளோர்க்கு மட்டும் கொடுக்கும் முறையும் உண்டு.

தோழியரே! வலியில்லை என்று எந்தக் கட்டியையும் மறைக்காதீர்கள். வீட்டாரிடம் உடனே சொல்லுங்கள். ஏழைக்கும் எட்டும் விலையில் அச்சாவியைச் செய்பவள் நம் வகுப்பிலேயே இருக்கலாம். ஆகவே அறிவியலை ஆர்வத்துடன் கற்போம்!

– பத்தாம் வகுப்பு மாணவி