தேனீக்கள் குடி பிரியும் முன்

மார்கழி மழை ஓய்ந்து, சம்பா அறுவடை நடந்து, வயலில் விதைத்த உளுந்தும் பயறும் பூவெடுக்கும் நாளில் காரைக்கால் வட்டாரத் தேனீப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பத் தொடங்கும். இந்த வட்டாரத்துத் தருமபுரத்தில் கொல்லையிலோ தென்னந்தோப்பிலோ நான்கைந்து பெட்டி வைத்திருப்பவர்கள் மிகவும் பதறுவதும் இந்த மாதங்களில்தான். வெயில் ஏறும் முற்பகலில் ஒரு பெட்டியிலிருந்து ஆயிரக்கணக்கான தேனீக்கள் பொங்கி வெளியேறி, பக்கத்து முருங்கைக் கிளையில் கொத்தாகத் தொங்கும். இதற்குக் குடி பிரிதல் என்று பெயர். இது நோய் இல்லை, கண்ணேறும் இல்லை. கூட்டம் செழித்திருக்கிறது என்பதே பொருள்.

நாம் பெட்டியில் வளர்ப்பது இந்தியத் தேனீ. அதன் உடலளவுக்கென நியூட்டன் பாதிரியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்த பெட்டியே இன்றும் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதன் புழு அறையில் (முட்டை, புழுக்கள் வளரும் கீழ் அறை) அடை கட்டுவதற்கான ஏழு சட்டங்கள் இருக்கும். மகரந்தம் தாராளமாக வந்தால் இராணி முட்டையிடுவதைக் கூட்டும். ஏழு சட்டமும் நிறைந்து இடம் நெருங்கும்போது, இராணியின் உடல் மணம் எல்லாத் தேனீக்களுக்கும் எட்டாமல் போகும். வேலைக்காரத் தேனீக்கள் அடுத்த இராணியை வளர்க்கத் தொடங்கும். பழைய இராணி ஏறக்குறையப் பாதிக் கூட்டத்தோடு வெளியேறும். இத்தாலியத் தேனீயைவிட இந்தியத் தேனீ எளிதில் பிரியும் குணமுள்ளது.

பெட்டியையே மொத்தமாகக் காலி செய்துவிட்டு ஓடுவது வேறு. உணவின்மை, எறும்பு, மெழுகு அந்துப்பூச்சி, தாங்க முடியாத வெக்கை ஆகியவை அதற்குக் காரணங்கள். ஓடிய பெட்டியில் வெற்று அடைதான் மிஞ்சும். பிரிந்த பெட்டியிலோ தேனும் புழுவும் பாதித் தேனீக்களும் இருக்கும். எது நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எந்த வேலையும் தொடங்க வேண்டாம்.

முதல் அறிகுறி ஆண் தேனீ அறைகள். சட்டத்தை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். மூடிய அறைகளில் சில மட்டும் சற்றே பெரிதாக, கூம்பாகத் துருத்தி நிற்கும். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஊசியால் குத்தியது போல ஒரு துளை இருக்கும். அவற்றுக்குப் பிறகு அடையின் கீழ் விளிம்பில் இராணி அறைகள் தலைகீழாகத் தொங்கத் தொடங்கும். முட்டையிட்ட எட்டாம் நாள் வாக்கில் இராணி அறை மூடப்படும். பழைய இராணி பெரும்பாலும் அந்த வேளையில்தான் கிளம்பும். ஆகவே தை பிறந்ததிலிருந்து ஏழு நாளுக்கு ஒருமுறை எல்லாப் பெட்டிகளின் அடை விளிம்புகளையும் பார்ப்பது கட்டாயம். வாயிலில் தேனீக்கள் தாடிபோலத் தொங்குவது வெக்கையாலும் இருக்கலாம். அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இராணி அறைகளைக் கிள்ளி எறிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இடநெருக்கடி தீராதவரை தேனீக்கள் அவற்றை மறுபடி கட்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் கூட்டம் போய்விடும். இராணியின் சிறகை வெட்டும் பழக்கம் அதைவிடக் கெடுதல். பறக்க முடியாத இராணி தரையில் விழுந்து எறும்புக்கு இரையாகும். சில நாளில் புது இராணியோடு கூட்டம் எப்படியும் கிளம்பும். வாயிலில் இராணித் தடுப்புத் தகட்டை நிரந்தரமாக மாட்டி வைத்தால் புது இராணி இணை சேர வெளியே போக முடியாது. தட்டைத் தட்டுவது, மண் வாரி வீசுவது, மண்ணெண்ணெய்ப் புகை போடுவது எதுவும் வேண்டாம்.

சரியான வழி, தேனீக்கள் பிரியும் முன் நாமே பிரிப்பதுதான். மாலையில் பழைய இராணி இருக்கும் சட்டத்தோடு புழுவும் தேனும் மகரந்தமும் உள்ள இரண்டு சட்டங்களைச் சேர்த்துப் புதுப் பெட்டிக்கு மாற்றுங்கள். அவற்றில் இராணி அறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. முதிர்ந்த தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்பதால், ஒட்டியிருக்கும் இளந்தேனீக்களோடு இன்னொரு சட்டத்துத் தேனீக்களையும் புதுப் பெட்டியில் உதறுங்கள். சம அளவு சர்க்கரையும் நீரும் கலந்த பாகை அந்தியில் வையுங்கள். பகலில் வைத்தாலும், ஒரு சொட்டுச் சிந்தினாலும் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளைக்கு வந்துவிடும். வாயிலையும் குறுக்கிவிடுங்கள். பழைய பெட்டியில் நன்கு வளர்ந்த ஓர் இராணி அறையை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்குங்கள். பலவற்றை விட்டால் கூட்டம் சிறுசிறு துண்டாகப் பிரிந்து வீணாகும்.

சட்டங்களை மாற்றுமுன் புழுக்களைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் மார்த்தாண்டம் உட்படத் தென்னிந்தியாவில் பெட்டிகளைக் காலியாக்கிய பைப்புழு நோய் (புழு நீர் நிறைந்த பையாகி மடியும் வைரஸ் நோய்) சட்டங்கள் வழியாகவும் பரவும். சந்தேகம் இருந்தால் அந்தப் பெட்டியின் சட்டத்தை வேறெதிலும் வைக்காமல், செருமாவிலங்கை வேளாண் கல்லூரியிலோ மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள்.

கூட்டம் ஏற்கெனவே கிளையில் தொங்குகிறதா? அவசரம் வேண்டாம். வயிறு நிறையத் தேனுண்டு கிளம்பிய தேனீக்கள் பெரும்பாலும் கொட்டுவதில்லை. முகவலை அணிந்து, லேசாக நீர் தெளித்து, கொத்தின் கீழே பெட்டியையோ பையையோ பிடித்து, கிளையை ஒரே உலுக்காக உலுக்குங்கள். புழு உள்ள சட்டம் ஒன்றைப் புதுப் பெட்டியில் வைத்தால் பெரும்பாலும் தங்கிவிடும். இந்தப் பெட்டிக்கு மட்டும் நான்கைந்து நாள் தடுப்புத் தகடு போடலாம். தென்னை உச்சியிலோ தண்ணீர்த் தொட்டியிலோ ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீயிடம் இந்த முறை உயிருக்கே ஆபத்து. அதற்குத் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

நான்கைந்து பெட்டிகள் ஒரே நிறத்தில் வரிசையாக இருந்தால், இணை சேர்ந்து திரும்பும் புது இராணி வீடு தவறி அடுத்த பெட்டிக்குள் நுழைந்து மடியும். முகப்புக்கு வெவ்வேறு வண்ணம் பூசி, வாயில்களைத் திசை மாற்றி வையுங்கள். பிரித்தபின் மூன்று வாரம், இராணி அறை விட்ட பழைய பெட்டியைக் கிளற வேண்டாம். மூன்று வாரத்துக்குப் பிறகும் முட்டை தென்படவில்லை என்றால் அதை இராணியுள்ள பெட்டியோடு சேர்த்துவிடுங்கள். இராணியுள்ள புழு அறைமேல் சிறு துளையிட்ட செய்தித்தாளை விரித்து, அதன்மேல் இராணியற்ற அறையை அந்தியில் ஏற்றுங்கள். காகிதத்தைக் கடித்துத் துளைப்பதற்குள் இரு கூட்டமும் ஒரே மணமாகி, சண்டையின்றிக் கலந்துவிடும்.