பழைய காரின் கிளட்ச்சும் மலைநாட்டு ஏற்றமும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரையில், இலங்கையில் கார் வேண்டுமென்று விரும்பியவர் பெரும்பாலும் இன்னொருவர் ஓட்டித் தேய்ந்த காரையே வாங்க நேர்ந்தது. வழி திறந்த பின்னரும் வரியும் விலையும் எட்டாத உயரத்தில் நிற்பதால், கொட்டகலை, பத்தனை, தலவாக்கலைப் பகுதிகளில் ஆசிரியர்களும், சிறு வியாபாரிகளும், முச்சக்கர வண்டி ஓட்டிப் பணம் சேர்த்தவர்களும் இன்றும் பழைய மாருதி 800, அல்ட்டோ, நிசான் சன்னி போன்றவற்றையே நாடுகின்றனர். வாங்குமுன் எஞ்சினைக் கேட்கிறார்கள், டயரைத் தட்டுகிறார்கள், பத்திரங்களைப் பரிசோதிக்கிறார்கள். ஆனால் கொழும்பிலோ குருநாகலிலோ சமதரையில் ஓட்டிப் பார்த்து மகிழ்ந்து கொண்டுவந்த அதே கார், தோட்டப் பாதையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறும் முனையில் நின்றுபோவதும், பின்னே உருள்வதும், கருகிய வாசனை எழுப்புவதும் நான் அடிக்கடி காணும் விஷயங்கள். கியர் மாற்றத் தெரிந்த, சாரதி அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர், தமக்குப் புதிதாக வந்த பழைய காரின் கிளட்ச்சோடு எவ்வாறு பழக வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கிளட்ச்சைத் தொடுமுன் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். மிதமான ஓர் ஏற்றத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காற் பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுங்கள். ஐந்து முதல் எட்டுக் கிளிக்கிற்குள் கார் அசையாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மேற்கொண்டு எதையும் பழக முயலாமல் நேரே கராஜுக்குப் போய், கேபிளை இறுக்கி, பின்சக்கரப் பிரேக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு கிளட்ச் பெடலை விரலால் அழுத்திப் பாருங்கள். மாருதி 800 போல் கேபிளால் இயங்கும் கிளட்ச்சில், எதிர்ப்பு ஆரம்பிக்குமுன் ஏறத்தாழ இரண்டு சென்றிமீற்றர் வெற்றசைவு இருப்பது நல்லது. கிளட்ச் பிளேட் தேயத் தேய இந்த வெற்றசைவு குறைந்து, பிடிக்கும் இடம் மேலே ஏறும். முற்றிலும் இல்லாமற்போனால், நீங்கள் காலே வைக்காத வேளையிலும் கிளட்ச் அரைகுறையாக மிதிபட்டபடியே இருக்கும். கேபிளின் முனையிலுள்ள நட்டைத் திருப்பி இதைச் சரிசெய்வது எந்தக் கராஜ் பாஸும் சில நிமிஷங்களில் முடித்துத் தரும் வேலை. எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச்சானால், அதற்குரிய பிரேக் எண்ணெய் குறைந்திருக்கிறதா, பெடலின் மேற்புறத்தில் கசிவு இருக்கிறதா என்று கவனித்தாற் போதும்.

தேய்மானத்தை அறிய ஒரு வழி உண்டு. சமதரையில், முன்னே எவரும் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, சிறிது அக்ஸிலேட்டர் கொடுத்தபடி கிளட்ச்சை விடுங்கள். எஞ்சின் உடனே திணறி நின்றால் பிளேட்டில் உயிர் இருக்கிறது. நிற்காமல் முழங்கிக்கொண்டேயிருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒரு முறை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்வது நல்ல பிளேட்டையும் கெடுக்கும். பெடலை மிதிக்கும்போது மட்டும் கரகரவென்று சத்தம் வந்தால் கிளட்ச் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. மாற்ற நேர்ந்தால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒருங்கே மாற்றுங்கள். ஒன்றை மாத்திரம் மாற்றி மிச்சம் பிடித்தவர், கியர்பெட்டியை மறுபடி இறக்கும் கூலியில் அந்த மிச்சத்தை இழக்கிறார்.

சீட்டை முன்னே இழுத்து, கிளட்ச் தரைவரை மிதிபட்ட நிலையிலும் முழங்கால் சற்று மடிந்திருக்கும்படி அமருங்கள். தடித்த அடி கொண்ட சப்பாத்தும், நழுவும் ரப்பர்ச் செருப்பும் ஆகா.

இனி, பிடிக்கும் இடத்தை அறிதல். ஒவ்வொரு காருக்கும் அது வேறு. முந்தைய சொந்தக்காரரின் காலும் அவர் ஓட்டிய வீதிகளும் அந்த ஸ்தானத்தை நிர்ணயித்திருக்கின்றன. முச்சக்கர வண்டியிலிருந்து வருபவருக்கு இது கூடுதல் சிரமம் தரும். அங்கே இடக்கை விரல்கள் செய்த நுட்பமான வேலையை இங்கே இடக்கால் செய்ய வேண்டியிருப்பதால், காலுக்கு அந்த நுண்ணுணர்வு வரும்வரை பொறுமை வேண்டும். கொட்டகலையில் சமதரை அரிது என்றாலும், அனுமதி பெற்றால் மைதானத்தின் ஓரமோ, தொழிற்சாலை முற்றமோ கிடைக்காமற் போகாது. அங்கே முதல் கியரில் போட்டு, அக்ஸிலேட்டரைத் தொடவே தொடாமல், குதிகாலைத் தரையில் ஊன்றி, கிளட்ச்சை மிக நிதானமாக மேலே விடுங்கள். எஞ்சினின் ஒலி ஒரு சுருதி இறங்கி, கார் தானாக நகரத் தொடங்கும் அந்த உயரத்தைக் காலில் பதித்துக்கொண்டு, மீண்டும் மிதித்து நிறுத்துங்கள். கண்ணால் பெடலைப் பார்க்காமல், பேச்சுக் கொடுத்தபடியே இதைச் செய்ய முடிகிற வரையில் இந்த அப்பியாசத்தை விடக்கூடாது. பலர் சில நிமிஷங்களில் அலுத்துப்போய் வீதிக்கு வந்துவிடுகிறார்கள். பின்னர் ஏற்றத்தில் நின்றுபோகிறவர்களும் அவர்களே.

ஏற்றத்துக்கு வருவோம். இங்கே முதலில் உணர வேண்டியது உயரத்தின் விளைவு. கொட்டகலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா நகரமோ 1,868 மீற்றர். காற்று மெலிவதால், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கிறது. ஆகையால் கொழும்பில் போதுமாயிருந்த அக்ஸிலேட்டர் இங்கே போதாது. காரில் பழுது வந்துவிட்டதென்று பயப்படாமல், சற்று அதிகமாகக் கொடுக்கப் பழகுங்கள்.

முறை யாதெனில், காற் பிரேக்கில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, காற் பிரேக்கை விட்டுக் கார் நிற்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கிளட்ச்சை அடிவரை மிதித்து முதல் கியர். வலக்காலால் அக்ஸிலேட்டரைக் கொடுத்து, எஞ்சின் ஒரே சீராக இரையும்படி வைத்திருங்கள். உறுமவும் கூடாது, முனகவும் கூடாது. இப்போது கிளட்ச்சை முன்பு அறிந்த அந்த உயரத்திற்குக் கொண்டுவாருங்கள். எஞ்சினின் குரல் தாழும், ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம் தெரியும், காரின் முன்பக்கம் இலேசாக நிமிரும். இந்த மூன்றும் சேர்ந்து வரும் கணத்தில் இடக்காலை அங்கேயே நிறுத்துங்கள். முழு விஷயமும் இந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. ஏறத்தாழ எல்லோரும் இந்த இடத்தில், பின்னே உருண்டுவிடுவோமோ என்ற அச்சத்தில், காலை மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள்; எஞ்சின் நின்றுபோகிறது. அவ்வாறு எடுக்காமல், வலக்காலால் இன்னும் ஒரு சிறிது கொடுத்து, ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்தி மெல்ல இறக்குங்கள். கார் முன்னே ஊர ஆரம்பித்த பின்னரும், தன் பாதி நீளமாவது நகரும்வரை இடக்கால் அங்கேயே இருக்கட்டும். அதன் பிறகே முழுதாக விடலாம்.

ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் கார் பின்னே நகர்ந்தால், உங்கள் கை அதை மறுபடி இழுக்க வேண்டும், வலக்கால் பிரேக்குக்குப் போக வேண்டும். கிளட்ச்சை அழுத்துவது அந்த வேளையில் காரைக் காப்பாற்றாது. இருந்த கொஞ்சப் பிடியையும் விடுவித்து இன்னும் வேகமாகப் பின்னே அனுப்பும். எஞ்சின் நின்றுபோனால் வரிசை இது: காற் பிரேக், ஹேண்ட் பிரேக், பின்பு நியூட்ரல், பின்பு சாவி. பின்னால் ஒலிக்கும் ஹோர்னுக்காக இந்த வரிசையில் ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்.

கிளட்ச் பெலன்ஸ் என்று நம் ஊர்களில் பெரிதாகப் போற்றப்படும் சாமர்த்தியத்தைப் பற்றி இங்கே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பிரேக் எதுவும் இல்லாமல், கிளட்ச்சின் அரைப்பிடியிலேயே காரை ஏற்றத்தில் தொங்கவிட்டு நிற்பதைத் தேர்ச்சியின் அடையாளமாகப் பலர் கருதுகின்றனர். பனிக்காலை வேளையில் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றுவது போல, அந்த நேரம் முழுவதும் பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றையொன்று தேய்த்துக் கொதிக்கின்றன. அந்தச் சூடே கருகிய வாசனையாக மூக்குக்கு வருகிறது. இரண்டொரு கணம் அவ்வாறு தாங்குவது தவறன்று, வீதியில் ஏறும் தறுவாயில் அது அவசியமும்கூட. ஆனால் பாதை திருத்தும் இடத்திலோ, கொழுந்து லொறிக்குப் பின்னாலோ காத்திருக்கும்போது அப்படி நிற்பது, சில ஆண்டுகள் உழைக்கக்கூடிய பிளேட்டைச் சில மாதங்களில் தீர்த்துவிடும். ஏற்றத்தில் காரின் பாரத்தைத் தாங்குவது ஹேண்ட் பிரேக்கின் கடமை. கிளட்ச்சின் கடமை எஞ்சினின் வலுவைச் சக்கரத்திற்குக் கைமாற்றித் தருவது மாத்திரமே. ஓடும்போது இடக்காலைப் பெடலின் மேல் வைத்துக்கொண்டு இளைப்பாறுவதும் இதே வகைக் கேடுதான்.

ஏற்றத்தில் பின்னோக்கி எடுப்பதற்கும் இதே முறை. ரிவர்ஸ் கியர் விழ மறுத்தால் பலவந்தம் செய்யாமல் கிளட்ச்சை ஒரு முறை விட்டு மிதித்துப் போடுங்கள்.

இறக்கத்தில் நான் கண்டிப்பாக விலக்குவது ஒன்று உண்டு. பெட்ரோல் மிச்சமாகும் என்று எண்ணி, கிளட்ச்சை மிதித்தபடியோ நியூட்ரலிலோ காரை உருளவிடாதீர்கள். எஞ்சினின் பிடி அற்றுப்போய், முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, அது சூடேறி வலுவிழக்கும். டெவோன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்த்தவாறு வளைந்து செல்லும் வீதியில், எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். நானுஓயாவுக்கு அருகிலுள்ள ரதல்ல குறுக்கு வீதி, 2023 ஜனவரி 20 அன்று பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு பேர் உயிரிழந்த செங்குத்தான பாதை. புதிதாக வந்த காரின் கிளட்ச் காலுக்குப் பழகுமுன் அவ்வழியே போகாதீர்கள்.

மழைக்காலத்துக் காலைகளில், இரவெல்லாம் ஈரத்தில் நின்ற கார் முதல் சில முறை கிளட்ச்சை விடும்போது நடுங்கினால் கலங்க வேண்டாம். ஃப்ளைவீலில் படிந்த மெல்லிய துரு தேய்ந்து போனதும் அது மறையும். நாள் முழுதும் நடுக்கம் தொடர்ந்தால் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், பாஸிடம் காட்டுங்கள்.

நெடுநாள் அனுபவமுள்ள சாரதிகளிடம் ஒரு வேண்டுகோள். ஏற்றத்தில் உங்கள் முன்னே ஒரு பழைய கார் தயங்கி நிற்குமானால், ஹோர்ன் அடிக்காமல், ஒரு காரின் நீளம் இடைவெளி விட்டு நில்லுங்கள். அந்த இடைவெளி இருந்தால், உள்ளே இருப்பவர் ஹேண்ட் பிரேக்கைப் பதற்றமின்றி இறக்குவார்.