நீர்மின்சாரத்தின் தண்ணீர்க் கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: நீர்மின் நிலையம் தண்ணீரைச் செலவழிப்பதே இல்லை.

உண்மை: டர்பைனுக்குள் நுழையும் நீர் அத்தனையும் வெளியே வந்துவிடுகிறது என்பது சரி. 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீரில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 4,000 லிட்டர் வேண்டும். அது முழுவதும் ஆற்றுக்கே திரும்புகிறது. செலவு நடக்கும் இடம் அணைக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு. கானாவில் 1965-இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கோசோம்போ அணை, சுமார் 8,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வோல்டா ஏரியை உருவாக்கியது. அந்த ஏரியிலிருந்து ஆண்டுதோறும் இரண்டு மீட்டர் உயர அளவுக்கு நீர் ஆவியாகிறது. மெக்கோனன், ஹூக்ஸ்ட்ரா என்ற இரு ஆய்வாளர்கள் 35 நீர்மின் நிலையங்களின் நீர்ச்செலவைக் கணக்கிட்டு 2012-இல் வெளியிட்டனர். அதன்படி அக்கோசோம்போவிலும் அதன் கீழுள்ள க்பாங் நிலையத்திலும் கிடைக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் 3,000 லிட்டர் நீர் ஆவியாகிப் போகிறது. இந்தியாவில் குளிர்விப்புக் கோபுரம் உள்ள பழைய அனல்மின் நிலையங்களுக்கு 2015-இல் விதிக்கப்பட்ட உச்சவரம்பு யூனிட்டுக்கு 3.5 லிட்டர்தான்.

நம்பிக்கை: மின்சாரம் எடுத்த தண்ணீரில் சத்து இருக்காது, பயிருக்கு உதவாது.

உண்மை: டர்பைன் எடுத்துக்கொள்வது நீர் விழும் வேகத்தையும் அழுத்தத்தையும் மட்டுமே. நீரில் கரைந்துள்ள உப்புகளை அது தொடுவதில்லை. ஆனால் இந்த அச்சத்துக்கு வேறோர் இடத்தில் காரணம் இருக்கிறது. ஆறு சுமந்து வரும் வண்டல் நீர்த்தேக்கத்தின் அடியில் படிந்துவிடுகிறது. அஸ்வான் உயர் அணை வந்தபின் நைல் சமவெளி வயல்களுக்கு ஆண்டுதோறும் கிடைத்த வண்டல் நின்றுபோனது. அதற்குக் காரணம் தேக்கம்; மின் உற்பத்தி அல்ல. மின்நிலையமே இல்லாத அணையிலும் இதுதான் நடக்கும்.

நம்பிக்கை: உலகச் சராசரி தெரிந்தால் எந்த நிலையத்தின் நீர்ச்செலவையும் சொல்லிவிடலாம்.

உண்மை: மேற்சொன்ன 35 நிலையங்களின் சராசரி யூனிட்டுக்குச் சுமார் 245 லிட்டர். அதே பட்டியலில் கொலம்பியாவின் சான் கார்லோஸ் நிலையத்துக்கு வருவது ஒரே ஒரு லிட்டர். ஒரு பக்கம் 3,000, மறுபக்கம் 1 என்றிருக்கும்போது சராசரி எதையும் விளக்குவதில்லை. நிலையம் பெரிதா சிறிதா என்பதும் நீர்ச்செலவைத் தீர்மானிப்பதில்லை. மின்சாரத்தோடு ஒப்பிட நீர்ப்பரப்பு எவ்வளவு என்பதே தீர்மானிக்கிறது. நீர் விழும் உயரம் கூடக் கூட, குறைந்த நீரே போதும். ஏரியும் சிறிதாக இருக்கலாம். நீலகிரியில் 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா திட்டத்தில் நீர் 900 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. சமவெளியில் ஆழமின்றிப் பரந்து கிடக்கும் ஏரியோடு இத்தகைய மலைத் திட்டத்தைச் சேர்த்துச் சராசரி எடுப்பது இரண்டுக்கும் அநியாயம்.

நம்பிக்கை: ஆவியாவதை அளப்பது எளிது, ஒரு தொட்டியில் நீர் ஊற்றி மட்டம் பார்த்தால் போதும்.

உண்மை: வானிலை நிலையங்களில் 121 சென்டிமீட்டர் விட்டமும் 25 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட வட்டத் தொட்டி இருக்கும். நாள்தோறும் அதில் குறையும் நீரை அளக்கிறார்கள். இரும்புத் தொட்டி வெயிலில் சீக்கிரம் சூடாகிவிடும். ஏரியைவிட வேகமாக நீரை இழக்கும். அதனால் அளவை 0.7 போன்ற ஒரு குணகத்தால் பெருக்கிக் குறைக்கிறார்கள். ஆண்டுக் கணக்குக்கு இது ஓரளவு பொருந்தும், மாதக் கணக்குக்குப் பொருந்தாது. ஆழமான ஏரி கோடையின் வெப்பத்தைத் தனக்குள் சேர்த்து வைத்து, கோடை கழிந்த பிறகும் நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கும். தொட்டிக்கு அந்த நினைவு கிடையாது.

ஏரிக்கு வரும் நீர், மழை, வெளியேறும் நீர், மட்ட மாற்றம் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து மீதியை ஆவியாதல் என்று எழுதும் முறையும் உண்டு. நிலத்தடியில் கசியும் நீரும் அளவீட்டுப் பிழைகள் அனைத்தும் அந்த மீதியில்தான் வந்து சேரும். இவற்றைவிட நம்பகமானது, காற்றின் மேல்கீழ் அசைவையும் ஈரப்பதத்தையும் நொடிக்குப் பலமுறை பதிந்து, மேலெழும் நீராவியை நேரடியாகக் கணிக்கும் முறை. அமெரிக்காவின் மீட் ஏரியில் 2010 முதல் அந்நாட்டுப் புவியியல் ஆய்வுத்துறை இப்படி அளந்தது. செலவு அதிகம் என்பதால் இது மிகச் சில ஏரிகளுக்கே வாய்த்திருக்கிறது.

பலர் கவனிக்காத இன்னொரு பிழை பரப்பில் இருக்கிறது. அணை நிரம்பியபோது இருக்கும் பரப்பை ஆண்டு முழுவதற்கும் வைத்துக் கணக்கிட்டால், நீர்மட்டம் இறங்கிய மாதங்களில் வறண்ட கரைகூட ஆவியாவதாக ஆகிவிடும்.

நம்பிக்கை: ஏரியிலிருந்து ஆவியாகும் நீர் முழுவதும் மின்சாரத்தின் செலவு.

உண்மை: ஏரி வருவதற்கு முன்பும் அந்த நிலத்தில் மரமும் புல்லும் நீரை ஆவியாக்கிக்கொண்டுதான் இருந்தன. அதைக் கழிக்க வேண்டுமா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. நியூசிலாந்து நிலையங்களைப் பற்றிய 2011-ஆம் ஆண்டு ஆய்வு மூன்று முறைகளில் கணக்கிட்டுப் பார்த்தது. மொத்த ஆவியாதலை எடுத்தால் யூனிட்டுக்குச் சுமார் 22 லிட்டர்; பழைய தாவரங்களின் பங்கைக் கழித்தால் 10; ஏரிமேல் பெய்யும் மழையை வரவு வைத்தால் 6-க்கும் குறைவு. எந்த முறை என்று சொல்லாமல் தரப்படும் எண்ணை நம்புவதற்கில்லை.

பாலைவனத்தில் கழிப்பதற்கு ஏதுமில்லை. எகிப்தும் சூடானும் 1959-இல் செய்த நைல் ஒப்பந்தம், ஆண்டுக்கு 84 பில்லியன் கன மீட்டர் நீரில் 10 பில்லியனை அஸ்வான் தேக்கத்தின் இழப்பாக ஒதுக்கிவிட்டு, மீதியையே பங்கிட்டது. ஆனால் அந்த அணை பாசனத்துக்கும் வெள்ளத் தடுப்புக்கும் சேர்த்துக் கட்டப்பட்டது. 10 பில்லியனையும் மின்சாரத்தின் தலையில் கட்டுவது தவறு. பயன்களின் பண மதிப்பை வைத்து இழப்பைப் பிரிப்பது ஒரு வழி. விலை மாறினால் பங்கும் மாறும் என்பது அதன் குறை.

நம்பிக்கை: பெரிய ஏரி இல்லாத திட்டத்தில் இழப்பும் இல்லை.

உண்மை: ஆற்றோட்டத்தையே பயன்படுத்தும் நிலையங்களில் ஆவியாதல் மிகக் குறைவு. ஆனாலும் நீரைச் சுரங்கத்தில் திருப்பிப் பல கிலோமீட்டர் கீழே விடும்போது, இடைப்பட்ட ஆற்றுப்பகுதி வறண்டு கிடக்கும். செலவு சுழியம் என்று காட்டும் கணக்கில் அந்த வறட்சி தெரியாது.

நீர் வேறு படுகைக்குப் போய்விட்டால் நிலைமை இன்னும் கடுமை. மகாராஷ்டிரத்தின் கோய்னா ஆறு கிருஷ்ணாவின் துணையாறு. கிழக்கே ஓட வேண்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவைப் பயன்படுத்த, அதன் நீர் மேற்கே திருப்பப்பட்டு, மின்சாரம் தந்தபின் வசிஷ்டி ஆறு வழியாக அரபிக்கடலை நோக்கிப் போகிறது. கிருஷ்ணா படுகையைப் பொறுத்தவரை அந்த நீர் ஒரு துளிகூடத் திரும்புவதில்லை. ஆவியாதலை மட்டும் அளக்கும் எந்தப் பட்டியலிலும் இது வராது. கிருஷ்ணா நதிநீர்த் தீர்ப்பாயம் இதைச் செலவாகவே கருதி, கோய்னாவில் மேற்கே திருப்பும் நீருக்கு ஆண்டுக்கு 67.5 டிஎம்சி என்று வரம்பு விதித்தது.