பகிரப் பெருகும் அறிவு

நுழையும்முன்

பொருட்செல்வம் கொடுக்கக் குறையும். கல்விச்செல்வம் கொடுக்கக் கொடுக்க வளரும். இது தமிழர் நெடுங்காலமாகப் போற்றிவரும் கருத்து. ஆய்வுக்கூடங்களில் திரட்டப்படும் தரவுகளுக்கும் இது பொருந்துமா? மருத்துவ ஆய்வுத் தரவுகளைப் பகிர்வதன் பயனையும் அதில் எழும் தயக்கங்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெர்முடா உடன்பாடு

மனிதனின் மரபுச்செய்தி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளாக டி.என்.ஏ. இழைகளில் பொதிந்துள்ளது. அதனைப் படித்தறியும் மனித மரபணுத் தொகுதித் திட்டம் 1990ஆம் ஆண்டு தொடங்கியது. பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அதில் இணைந்தன. ஆய்வுக்கட்டுரை அச்சேறும்வரை தரவுகளை வெளியிடாதிருப்பதே அக்கால ஆய்வாளர் பலரின் வழக்கம். 1996ஆம் ஆண்டு பெர்முடா தீவில் கூடிய அறிவியலாளர்கள் அவ்வழக்கத்தை மாற்றத் துணிந்தனர். ஆயிரம் எழுத்துகளுக்கு மேற்பட்டுத் தொகுக்கப்பெறும் ஒவ்வொரு வரிசையையும் 24 மணி நேரத்திற்குள் பொதுத் தரவகத்தில் வெளியிட உடன்பட்டனர். இங்கிலாந்தின் ஜான் சல்ஸ்டனும் அமெரிக்காவின் ராபர்ட் வாட்டர்ஸ்டனும் இதற்கு முன்னின்றனர். இதனால், நோய்க்குக் காரணமான மரபணுக்களைத் தேடியோர், 2003இல் திட்டம் நிறைவுறும்வரை காத்திருக்க நேரவில்லை.

விதையும் விளைச்சலும்

புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேமிக்கும் புரதத் தரவு வங்கி, 1971ஆம் ஆண்டு ஏழே அமைப்புகளுடன் தொடங்கியது. இன்று அதில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டவை உள்ளன. அனைத்தும் பொது நெறிக்குட்பட்ட வடிவில் அமைந்தமையால், அவற்றைக்கொண்டு கணினிக்குப் பயிற்சியளித்துப் புரத அமைப்பை முன்கணிக்க முடிந்தது. அப்பணிக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோர் 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். தொடக்கத்தில் தரவளித்தோர் இவ்விளைச்சலைக் கனவிலும் கண்டிரார்.

புதிய கொரோனா வைரசின் மரபணு வரிசை 2020 ஜனவரி 11 அன்று பொதுவெளியில் வெளியானது. அதனை அடிப்படையாகக் கொண்ட தடுப்பூசியின் முதல் மனிதச் சோதனை மார்ச் 16 அன்றே தொடங்கியது.

தயக்கத்தின் நியாயம்

இத்துணைப் பயன் இருந்தும் சிலர் தயங்குவது ஏன்? தம் உழைப்பின் பெருமை பிறரைச் சேருமோ என்னும் அச்சம் ஒன்று. நோயாளரின் அந்தரங்கம் வெளிப்படுமோ என்னும் கவலை மற்றொன்று. பயன் சமமாகக் கிடைக்குமா என்பது மூன்றாவது. பறவைக்காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக நலவாழ்வு நிறுவனத்திற்கு அளிப்பதை இந்தோனேசியா 2007இல் நிறுத்தியது. தன் மாதிரியிலிருந்து அயல்நாட்டு நிறுவனம் உருவாக்கும் தடுப்பூசி, தன் மக்களுக்கே எட்டாத விலையில் விற்கப்படும் என்பது அதன் முறையீடு. அம்முறையீட்டைத் தொடர்ந்து நடைபெற்ற பேச்சுகளின் பயனாக, மாதிரிகளோடு தடுப்பூசியின் பயனையும் பகிர்வதற்கான நெறிமுறையை 2011இல் உலக நாடுகள் ஏற்றன.

எனவே, பகிர்தல் என்பது வெறும் ஈகையன்று; அஃது ஓர் ஒப்பந்தம். தரவைத் திரட்டியவர் பெயரைக் குறிப்பிடுதல், நோயாளரின் அடையாளத்தை மறைத்தல், பிறரும் கையாளத்தக்க வடிவில் சேமித்தல், பயனில் பங்களித்தல் ஆகிய நான்கும் அதன் தூண்கள். இவை உறுதியாயின், ஓர் ஆய்வுக்கூடத்தில் பூட்டிக்கிடக்கும் தரவு, எங்கோ ஒரு நோயாளரின் உயிரைக் காக்கும் மருந்தாகும்.

கற்பவை கற்றபின்

1. இந்தோனேசியாவின் முடிவு குறித்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் பள்ளியில் ஒரு குழு திரட்டிய ஆய்வுத் தரவைப் பிற குழுக்கள் பயன்படுத்துவதற்கான விதிமுறைகளை எழுதுக.